ஏரியும் குழாயும்

கொல்கத்தா மாநகரின் தென்பகுதியிலே டாக்குரியா என்றொரு பேட்டை உண்டு. அங்குள்ள ரயில் நிலையத்தில் இறங்கி மேற்கு நோக்கிச் சிறிது தூரம் நடந்தால், மரங்கள் அடர்ந்த கரைகளுக்கு நடுவே ஓர் அகன்ற நீர்ப்பரப்பு கண்ணுக்குப் புலனாகும். டாக்குரியா ஏரி என்று ஊரார் நெடுங்காலமாக வழங்கிவந்த இந்நீர்நிலைக்கு, 1958-ஆம் ஆண்டில் கவி தாகூரின் நினைவாக ரவீந்திர சரோவரம் என்று பெயர் சூட்டப்பட்டது. ஆயினும் பழம்பெயர் இன்னும் மறையவில்லை. அருகிலுள்ள லேக் மார்க்கெட்டைச் சுற்றிலும் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்து வருகின்றன. விடியற்காலையில் இக்கரையில் உலாவும்போது தமிழ்ப் பேச்சு காதில் விழுந்தால் யாரும் வியப்பதில்லை.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர் எவரும் ஓர் ஏரியைக் கண்டால் முதலில் தேடுவது மூன்று பொருள்களை. நீர் வந்து சேரும் வரத்துக்கால் எங்கே? பாசனத்துக்கு நீர் விடும் மதகு எங்கே? மிகுந்த வெள்ளம் வழிந்தோடும் கலிங்கு எங்கே? டாக்குரியாவில் இம்மூன்றையும் தேடிக் களைத்துப் போவோம். ஏனெனில் இது நம் பெரியோர் ஆற்றையும் ஓடையையும் பார்த்து, சரிவை அளந்து, கரையெடுத்த ஏரியன்று. மண் வேண்டித் தோண்டிய பெரும்பள்ளம் இது.

1920-களில் கல்கத்தா அபிவிருத்தி டிரஸ்டு என்ற ஸ்தாபனம் நகரைத் தெற்கே விஸ்தரிக்க முனைந்தது. அப்போது இப்பகுதி சதுப்பும் புதருமாய்க் கிடந்தது. சுமார் 192 ஏக்கர் நிலத்தை டிரஸ்டு கைக்கொண்டது. அதன் நடுவே ஏறத்தாழ 73 ஏக்கர் பரப்பில் ஆழமாக வெட்டி, வெட்டிய மண்ணைச் சுற்றுப்புறத்துத் தாழ்ந்த நிலங்களில் கொட்டி மேடாக்கியது. மேட்டில் தெருக்களும் வீடுகளும் எழுந்தன. பள்ளத்தில் மழைநீர் நின்று ஏரியாயிற்று. டெல்டாவில் நகரம் கட்டுகிறவர்கள் ஓர் உண்மையை நன்கறிவார்கள்: மேடு வேண்டுமானால் பக்கத்தில் பள்ளம் ஒன்று இருந்தே தீரவேண்டும்.

அதே 1920-களில் சென்னையிலும் நகர விஸ்தரிப்பு நடந்தது. ஆனால் முறை நேர்மாறானது. மாம்பலத்தில் கிடந்த நெடிய ஏரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகர் உருவாயிற்று. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்ற தெரு இன்றும் இருக்கிறது. பார்ப்பதற்கு லேக் இல்லை. ஒரே காலத்தில் ஒரு நகரம் ஏரி வெட்டி வீடு கட்டியது, மற்றொரு நகரம் ஏரி தூர்த்து வீடு கட்டியது. கொல்கத்தாவைப் புகழ்ந்து சென்னையை இகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. டாக்குரியாவுக்குச் சற்று வடமேற்கே மனோகர்புகுர் ரோடு என்று ஒரு சாலை உண்டு. வங்காளியில் புகுர் என்றால் குளம். இன்று அங்கே நடப்பவனுக்குத் தென்படுவது சாலைதான். இரு நகரங்களும் இவ்விஷயத்தில் ஒன்றுக்கொன்று பாடம் சொல்லும் நிலையில் இல்லை.

இனி, நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு வருவோம். தட்பவெப்பம் மாறிவரும் இக்காலத்தில் ஒரு பெருநகரின் பொது நீர் ஏற்பாட்டை எவ்வாறு திட்டமிடவேண்டும் என்பதே அது. டாக்குரியாவாசிகள் இந்த ஏரியிலிருந்து ஒரு குவளை நீரும் குடிப்பதில்லை. அவர்கள் குடிப்பது ஹூக்ளி நதியின் நீர்; அதாவது கங்கையின் ஒரு கிளை. அது எப்படி வந்து சேருகிறது என்று பார்த்தால், திட்டத்தின் பலமும் பலவீனமும் ஒருசேரத் தெரியவரும்.

கொல்கத்தாவின் குழாய்நீர் வரலாறு 1870-இல் தொடங்குகிறது. அதற்கு முன் லால்திகி முதலிய குளங்களே ஊருக்குக் குடிநீர் தந்தன. நகருக்கு வடக்கே, ஹூக்ளிக் கரையில், பல்தா என்னுமிடத்தில் நதிநீரை எடுத்து, மணல் வடிகட்டிகளில் தெளியவைத்து, இரும்புக் குழாய்களின் வழியாக நகருக்கு அனுப்பினார்கள். நாளொன்றுக்கு 60 லட்சம் காலன் என்பது அன்றைய அளவு. நகரை ஒட்டியே நதி ஓடும்போது இத்தனை தூரம் வடக்கே சென்றது ஏன் என்று கேட்கலாம். கடலின் ஏற்றம் ஹூக்ளியில் வெகுதூரம் உள்ளே வருகிறது. கோடையில் நதியின் சொந்த நீர் குறையும்போது, ஏற்றத்தோடு உப்பும் ஏறுகிறது. உப்பும் நகரக் கழிவும் எட்டாத இடம் தேடித்தான் இன்ஜினீயர்கள் மேலே சென்றார்கள். 150 ஆண்டுகளுக்கு முன்பே அவர்கள் நதியின் நல்ல நாளை விட்டுவிட்டு அதன் கெட்ட நாளைக் கணக்கில் கொண்டார்கள் என்பதை நாம் கவனிக்கவேண்டும்.

இதே யோசனை இன்னும் தெளிவாகத் தெரிவது டாலா நீர்த்தொட்டியில். வடகொல்கத்தாவில் எஃகுத் தூண்களின் மேல், தரையிலிருந்து 110 அடி உயரத்தில், 90 லட்சம் காலன் கொள்ளும் இந்தத் தொட்டியை 1909-இல் தொடங்கி 1911-இல் முடித்தார்கள். உலகின் மிகப் பெரிய மேல்நிலைத் தொட்டிகளில் ஒன்றென்று இதைச் சொல்வது வழக்கம். அளவைவிட நம்மைக் கவர்வது அதன் உள்ளமைப்பு. தொட்டி ஒன்றேயாயினும் உள்ளே அறைகள் நான்கு. ஓர் அறையை வெறுமையாக்கிக் கழுவவோ பழுது பார்க்கவோ செய்யும்போது மற்ற மூன்றும் ஊருக்கு நீர் தந்துகொண்டேயிருக்கும். 1934-இல் பீகார் பூகம்பத்தையும், பின்னர் உலக யுத்தத்தையும் அது தாங்கி நின்றது. நூறாண்டு கடந்தபின், அண்மை ஆண்டுகளில், அதன் எஃகைப் பழுது பார்த்தபோதும் அறை அறையாகத்தான் வேலை நடந்தது.

நான்கு அறைகள் கட்டச் செலவு அதிகம். ஓர் அறை போதுமே என்று அன்று எவரேனும் சொல்லியிருக்கக்கூடும். நல்ல நாளில் அது போதும்தான். ஏதேனும் ஒரு பகுதி கெடும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, அது கெடும்போதும் மற்றவை இயங்கும்படி அமைப்பதே நாம் சொல்லவந்த திட்டத்தின் உயிர்நிலை. இதை நாற்கோட்டத் திட்டம் என்று நாமே ஒரு பெயர் வைத்துக்கொள்ளலாம்.

டாக்குரியா இருக்கும் தென் கொல்கத்தாவின் பெரும்பகுதிக்கு நீர் தருவது 1980-களில் ஏற்பட்ட கார்டன் ரீச் நீரேற்று நிலையம். இது பல்தாவைப்போல நகருக்கு மேலே இல்லை. கீழே, கடலுக்குச் சற்று நெருங்கி இருக்கிறது. ஆகவே உப்பு ஏறினால் முதலில் தட்டுவது இந்தக் கதவைத்தான். 1975-இல் செயலுக்கு வந்த பராக்கா அணைக்கட்டு இல்லாவிட்டால் இங்கே இத்தகைய நிலையம் சாத்தியமா என்பதே ஐயம். கங்கையின் நீரில் 40,000 கனஅடி வரை வினாடிதோறும் திருப்பி, 38 கிலோமீட்டர் நீளமுள்ள கால்வாய் வழியாக ஹூக்ளிக்குள் விடும்படி பராக்கா அமைந்தது. துறைமுகத்தின் வண்டலை அடித்துச் செல்வது அதன் முதல் நோக்கம். நகரின் குடிநீரில் உப்பைத் தணிப்பது அதனோடு சேர்ந்த நன்மை.

கோடையில் பராக்காவில் எவ்வளவு நீர் இந்தியாவுக்கு, எவ்வளவு வங்காள தேசத்துக்கு என்பதை 1996 டிசம்பரில் கையெழுத்தான ஒப்பந்தம் வகுத்தது. ஜனவரி முதல் மே முடியப் பத்துப் பத்து நாள்களாகக் கணக்கிட்டு, வரத்து 70,000 கனஅடிக்குக் குறைந்தால் சரிபாதியாகப் பிரித்துக்கொள்வது என்பது ஏற்பாடு. அதற்கு இட்ட காலம் 30 ஆண்டுகள். அண்டை நாட்டில் பத்மா நதியை நம்பி வாழும் உழவனுக்கும் மீனவனுக்கும் கோடை நமக்குள்ளதைப் போன்றதே. ஆதலால் டாக்குரியாவில் ஒரு குழாயைத் திறப்பவர், இமயத்துப் பனியோடும் இரு நாடுகளின் பேச்சுவார்த்தையோடும் வங்கக்கடலின் ஏற்றத்தோடும் ஒரே கணத்தில் உறவு கொள்கிறார். கடல்மட்டம் உயர்ந்துவருகிறது, டெல்டா நிலமோ தன் பாரத்தால் தாழ்ந்துவருகிறது. உப்பு மேலும் உள்ளே வருவதற்கு இரண்டுமே துணை.

2014-இல் கிழக்கே தாபா என்னுமிடத்தில் நாளொன்றுக்கு 3 கோடி காலன் அளவில் மற்றொரு சுத்திகரிப்பு நிலையம் திறக்கப்பட்டது. நல்ல காரியமே. ஆயினும் அதற்கும் மூலநீர் ஹூக்ளியே. நிலையங்கள் பெருகின; ஆனால் ஊற்று ஒன்றுதான். டாலாவின் உவமையிலே சொன்னால், குழாய்கள் பலவாயின, அறை ஒன்றாகவே நிற்கிறது.

ஊற்று கெடுவது மெதுவாக நிகழும் கேடு. திடீரென்று நிகழும் கேடுகள் இரண்டை அண்மையில் இந்நகரம் கண்டது.

2020 மே 20-ஆம் நாள் ஆம்பன் புயல் கொல்கத்தாவைத் தாக்கியது. டாக்குரியா ஏரிக்கரையின் முதுமரங்கள் பல வேரோடு சாய்ந்தன. மரங்கள் மின்கம்பிகளின் மேல் விழுந்தன. மின்சாரம் நின்றது, பல பேட்டைகளில் நாள்கணக்கில் வரவில்லை. அப்போதுதான் நகரவாசிகள் ஓர் எளிய உண்மையை உணர்ந்தார்கள்: மின்சாரம் நின்றால் தண்ணீரும் நின்றுவிடும். அடுக்குமாடிக் கட்டடங்களில் தெருக்குழாய் நீர் நிலத்தடித் தொட்டியில் வந்து விழுகிறது. அங்கிருந்து மோட்டார் அதை மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்றுகிறது. மோட்டார் ஓடாவிட்டால் நான்காம் மாடியிலுள்ள முதியவர் வாளியோடு படியிறங்கவேண்டியதுதான். அந்நாள்களில் மின்சாரமும் தண்ணீரும் கேட்டு மக்கள் தெருக்களை மறித்து நின்றார்கள். ஊரடங்குக் காலம் வேறு. கைகழுவச் சொல்லி வானொலியில் ஓயாமல் அறிவித்துக்கொண்டிருந்தோம். கழுவ நீரில்லை.

டாலா தொட்டியின் சிறப்பு இங்கே மறுபடியும் விளங்கும். 110 அடி உயரத்தில் நிறைந்து நிற்கும் நீர், மின்சாரம் அறுந்தாலும் தன் எடையாலேயே சில மணி நேரம் கீழே பாயும். உயரம் என்பதே சேமித்துவைத்த சக்தி. இன்று நாம் கட்டும் திட்டங்களில் நீரை ஏற்றும் பம்புகளுக்குச் செலவிடும் அக்கறையை ஏறிய நீரைத் தாங்கும் தொட்டிகளுக்குச் செலவிடுகிறோமா?

ஆம்பன் நாள்களில் கைவிடாத மற்றொரு துணை, தெருமுனைக் கைப்பம்பு. இரும்புக் கைப்பிடியை அடித்தால் நீர் வரும். அதற்கு மின்சாரம் வேண்டாம். ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. கொல்கத்தாவின் கீழே கனத்த களிமண் அடுக்கொன்று பரந்து கிடக்கிறது. நிலத்தடி நீர் அதற்கும் கீழேயுள்ள மணலில் நிற்கிறது. மேலே பெய்யும் மழை களிமண்ணைத் துளைத்து எளிதில் இறங்காது. எடுப்பது மிகுதி, ஊறுவது குறைவு என்றாகி, நீர்மட்டம் ஆண்டுக்காண்டு தாழ்ந்தது. அதோடு ஆர்செனிக் என்னும் நஞ்சு. டாக்குரியாவுக்கு அடுத்த ரயில் நிலையம் ஜாதவ்பூர். அங்குள்ள பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தீபங்கர் சக்கரவர்த்தி என்னும் விஞ்ஞானி 1988 முதல் மேற்கு வங்கத்தின் கிராமம் கிராமமாகச் சென்று இந்நஞ்சை அளந்து உலகுக்கு அறிவித்தார். தென் கொல்கத்தாவின் குழாய்க்கிணறுகள் சிலவற்றிலும் அது காணப்பட்டது.

ஆகவே கைப்பம்புகளையெல்லாம் பிடுங்கி எறிவதே சரியென்று ஒரு சாரார் சொல்வர். நமது கருத்து வேறு. ஆர்செனிக் பல்லாண்டு தொடர்ந்து குடிப்பதால் கேடு செய்யும் நஞ்சு. பாத்திரம் கழுவவும் கழிப்பறைக்கும் அந்நீர் உதவும். ஒவ்வொரு பேட்டையிலும் சில பம்புகளை மட்டும் வைத்துக்கொண்டு, ஆண்டுதோறும் சோதித்து, குடிக்கத் தகுந்ததற்குப் பச்சையும் தகாததற்குச் சிவப்பும் பூசி, நல்ல நாள்களில் பூட்டிவைத்து, கெட்ட நாளில் திறந்துவிடலாம். நஞ்சுள்ள மாவட்டங்களில் இவ்வாறு வர்ணம் பூசுவது தெரிந்த முறைதான். நெருக்கடிக்கென்று ஒதுக்கிய கிணறு, தினசரி உறிஞ்சும் கிணற்றைப்போல நிலத்தடி நீரை வற்றச் செய்யாது. களிமண் நகரத்தில் நிலத்தடி நீரை நாம் வங்கியின் நடப்புக் கணக்காகப் பாவித்துவிட்டோம். அது வைப்புநிதி.

களிமண் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. சென்னையில் 2003 முதல் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு கட்டாயமாயிற்று. மணற்பாங்கான பேட்டைகளில் அதன் பயன் கண்கூடு. கிணறுகளில் நீர் உயர்ந்தது. அதே முறையைக் கொல்கத்தாவில் அப்படியே நட்டால் மழைநீர் களிமண்ணின் மேலேயே தேங்கி நிற்கும். இங்கு மழைநீரைத் தொட்டியிலோ குளத்திலோதான் பிடிக்கமுடியும். ஓர் ஊருக்கு நல்ல வைத்தியம் மற்றோர் ஊருக்கும் நல்லதென்று சர்க்கார் உத்தரவுகள் கருதிவிடுகின்றன. மண் அவ்வாறு கருதுவதில்லை.

இரண்டாவது கெட்ட நாள் 2025 செப்டம்பர் 23. துர்க்கா பூஜைக்குச் சில நாள்களே இருந்தன. பந்தல்கள் எழும்பிக்கொண்டிருந்தன. முந்தின இரவு தொடங்கி விடிவதற்குள், சில மணி நேரத்தில், நகரின் மேல் பேய்மழை கொட்டியது. 24 மணி நேரக் கணக்கு 251.4 மில்லிமீட்டர். தென் கொல்கத்தாவின் சில பேட்டைகளில் இன்னும் அதிகம். காலையில் தெருக்கள் இடுப்பளவு நீரில் இருந்தன. நீரில் இறங்கி நடந்தவர்களில் பலர் மின்கசிவால் மாண்டனர். ஆம்பனில் மின்சாரம் இல்லாமல் துன்பம் வந்தது. இப்போது மின்சாரம் நீரோடு கலந்ததால் மரணம் வந்தது.

இதற்கு நகரசபையை மட்டும் கடிந்து பயனில்லை. கொல்கத்தாவின் நிலம் ஒரு விசித்திரம். வழக்கமாக நதிக்கரை தாழ்ந்தும் உட்புறம் உயர்ந்தும் இருக்குமென்று நினைக்கிறோம். டெல்டாவிலோ வண்டல் படிந்து நதிக்கரையே மேடாகிறது. நிலம் நதியைவிட்டு விலகிக் கிழக்கே சரிகிறது. இதைக் கண்டே வில்லியம் கிளார்க் என்ற இன்ஜினீயர் 1859-இல் தொடங்கிய செங்கல் சாக்கடைகளைக் கிழக்கு நோக்கி ஓடவிட்டார். கழிவும் மழையும் ஒரே வழியில் செல்லும் அமைப்பு அது. பழைய சாக்கடைகள் மணிக்குக் கால் அங்குலம், அதாவது ஆறு மில்லிமீட்டருக்குச் சற்று மிகுந்த மழைக்கென்று கணக்கிடப்பட்டவை. பின்வந்தோர் பம்பு நிலையங்களைச் சேர்த்துத் திறனைப் பெருக்கினார்கள். ஆயினும் 250 மில்லிமீட்டர் ஓரிரவில் கொட்டினால் எந்தச் சாக்கடை தாங்கும்? காற்றின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் அது சுமக்கவல்ல நீராவி சுமார் ஏழு சதவிகிதம் கூடுகிறது. ஆகவே இத்தகைய மழை முன்னிலும் அடிக்கடி வரும் என்றே விஞ்ஞானிகள் எதிர்பார்க்கிறார்கள்.

ஏற்றவேளையில் கிழக்கே உள்ள குல்டி நதியும் நிறைந்து நிற்கும். மேற்கே ஹூக்ளியும் நிறைந்து நிற்கும். மதகுகளைத் திறந்தால் நீர் வெளியே போகாது, உள்ளே வரும். அந்தச் சில மணி நேரத்துக்கு மழைநீர் எங்காவது நின்றாகவேண்டும். குளத்தில் நில்லாவிட்டால் கூடத்தில் நிற்கும்.

இங்கே நாம் டாக்குரியா ஏரிக்குத் திரும்புவோம். 73 ஏக்கர் நீர்ப்பரப்பில் ஓர் அடி உயரத்துக்கு நீர் ஏறினால் அதன் அளவு என்ன? கணக்கிட்டுப் பார்த்தோம், ஏறத்தாழ 2 கோடி காலன். டாலா தொட்டி இரண்டையும் அதற்கு மேலும் நிரப்பும் நீரை இந்த ஏரி ஓர் அடியில் வாங்கிவிடுகிறது. பம்பு இல்லை, மின்சாரம் இல்லை, காவலாள் இல்லை. நகரில் மிஞ்சியுள்ள நூற்றுக்கணக்கான புகுர்களையும் இதோடு கூட்டிப் பாருங்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை. தெருவெள்ளத்தை நேரே ஏரிக்குள் திருப்புவது தகாது. அதில் சாக்கடை கலந்திருக்கிறது. பூங்காவின் நீரையும் கூரைகளின் நீரையும் தனிவாய்க்காலில் கொண்டுவந்து, வண்டல் படியவிட்டுச் சேர்க்கவேண்டும். அதாவது நூறாண்டுக்கு முன் வெட்டிய பள்ளத்துக்கு இப்போதாவது ஒரு வரத்துக்காலும் ஒரு கலிங்கும் வேண்டும். அவை இல்லாமையால் ஏரி இரு வகையிலும் நஷ்டப்படுகிறது. மழையில் பக்கத்துத் தெரு மூழ்கும்போது அது உதவுவதில்லை. அண்மைக் கோடைகளில் மழை குறைந்தபோதோ, மட்டம் தாழ்ந்து கரையோரச் சேறு வெளிப்பட்டது. ஆண்டுக்கு 1600 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் நகரில் ஏரி வற்றுகிறது என்பதைக் கேட்டால் இராமநாதபுரத்துக் கண்மாய் விவசாயி நம்மைப் பார்த்து நகைப்பார்.

கிழக்கே இதைவிடப் பெரிய உதாரணம் ஒன்றிருக்கிறது. வித்யாதரி என்ற பழைய நதி தூர்ந்துபோனபின், நகரின் கழிவுநீர் சென்று பரவிய உப்பளச் சதுப்புகளில் மீனவர்களும் உழவர்களும் ஒரு வித்தையைக் கண்டார்கள். ஆழமில்லாத குளங்களில் கழிவுநீரை வெயிலில் நிறுத்தினால் பாசி வளர்கிறது; பாசியைத் தின்று மீன் வளர்கிறது; தெளிந்த நீர் நெல்லுக்கும் கீரைக்கும் பாய்கிறது. ஊருக்கு மீனும் காய்கறியும் கிடைப்பதோடு, சாக்கடை நீர் செலவின்றிச் சுத்தமாகிறது. வெள்ளம் வந்தால் தங்கவும் இடமாகிறது. திருபஜோதி கோஷ் என்னும் சர்க்கார் இன்ஜினீயர், நகரத்துக் கழிவு எங்கே போகிறதென்று விசாரிக்கப் போய் இதைக் கண்டு, வாழ்நாள் முழுவதும் இதற்காக வாதாடினார். சுத்திகரிப்பு ஆலை கட்டும் படிப்பைப் படித்தவர், ஆலை தேவையில்லாத இடத்தை அடையாளம் கண்டது அபூர்வமன்றோ! 1992-இல் கல்கத்தா உயர்நீதிமன்றம் அந்நிலங்களைக் கட்டடங்களிலிருந்து காக்கும் தீர்ப்பு வழங்கியது. 2002-இல் சுமார் 12,500 ஹெக்டேர் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. 2006-இல் தனிச்சட்டமும் வந்தது. இத்தனைக்குப் பிறகும் நிலத்தின் விலை ஏற ஏற, குளங்களின் ஓரம் மண் கொட்டுவது நின்றபாடில்லை.

சென்னைவாசிகளுக்கு இவையெல்லாம் அன்னியக் கதையாகத் தோன்றாது. 2015 டிசம்பரில் அந்நகரம் மூழ்கியது. 2019 கோடையில் அதே நகரத்தின் ஏரிகள் வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் வாகன்களில், ஒரு வண்டிக்கு 25 லட்சம் லிட்டர் வீதம், குடிநீர் வந்தது. நான்கு ஆண்டுக்குள் ஒரே ஊர் நீரால் மூழ்கி, நீரின்றித் தவித்தது. சராசரி மழையைக் கேட்டால் கணக்குச் சரியாகத்தான் இருக்கும். சராசரிக்குத் தாகம் எடுப்பதுமில்லை, சராசரி வெள்ளத்தில் மூழ்குவதுமில்லை. சென்னை அதன்பின் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளை மேலும் பெருக்கியது. செலவு மிகுந்த நீரே அது. ஆயினும் மழையை நம்பாத மற்றொரு அறை. எல்லா அறைகளும் மலிவாக இருக்கவேண்டுமென்பதில்லை. எல்லாம் ஒரே நாளில் கெடாமலிருந்தால் போதும்.

கொல்கத்தாவில் இவ்விதம் திட்டமிடத் தடையாக நிற்பது பணம் மட்டுமன்று. டாக்குரியா ஏரியைப் பராமரிப்பது கொல்கத்தா பெருநகர வளர்ச்சி ஆணையம். குழாயும் சாக்கடையும் மாநகராட்சியின் பொறுப்பு. கிழக்குச் சதுப்புக்குத் தனி ஆணையம் உண்டு. வாய்க்கால்கள் நீர்ப்பாசன இலாகாவுடையவை. பராக்கா மத்திய சர்க்காருடையது. ஒவ்வொரு காரியாலயமும் தன் நோட்டில் தன் நீரை மட்டும் எழுதிக்கொள்கிறது. ஏரி பூங்காக் கணக்கில் இருக்கிறது. அழகுக்கும் படகுக்கும் செலவு எழுதுகிறார்கள். அதே ஏரியை நீர்க்கணக்கில் எழுதினால், ஓரடி மட்டத்துக்கு 2 கோடி காலன் என்று வரவு வைக்கலாம். ஒரு குளத்தைத் தூர்க்க அனுமதி கேட்கும்போது, இத்தனை காலன் இடம் பறிபோகிறது என்று பற்று எழுதலாம். அவ்வாறு எழுதாத வரையில், குளத்தைத் தூர்ப்பவன் வீட்டுமனையின் லாபத்தை அடைகிறான். அதன் நஷ்டத்தை மூன்று தெரு தள்ளியுள்ள தாழ்ந்த வீட்டுக்காரர் தம் கூடத்தில் ஏற்கிறார்.

வேறு சில வேலைகளை விரித்துச் சொல்லத் தேவையில்லை. பம்பு நிலையங்களின் மின்பெட்டிகளை வெள்ளமட்டத்துக்கு மேலே உயர்த்துவது, பல்தா, கார்டன் ரீச், தாபா ஆகியவற்றின் குழாய்களை இணைத்து ஒன்று நின்றால் மற்றொன்று கைகொடுக்கும்படி செய்வது, கசியும் குழாய்களை அடைப்பது ஆகியவை இன்ஜினீயர்களுக்குத் தெரிந்தவையே. அவர்களுக்குத் தெரிந்ததைச் செய்யவிடுவது நம் கையில் இருக்கிறது.

வானொலி சம்பந்தமான ஒரு யோசனையைச் சொல்லலாம். தமிழ்நாட்டில் மேட்டூர் அணையின் நீர்மட்டத்தை நாள்தோறும் செய்தியில் அறிவிப்பது நெடுநாள் வழக்கம். முழுக்கொள்ளளவு 120 அடி என்பதும், ஜூன் 12-ஆம் நாள் அணை திறப்பது மரபு என்பதும் தஞ்சாவூர்ச் சிறுவனுக்கும் தெரியும். இன்று 90 அடி என்று கேட்டால் உழவர் வீட்டில் ஒரு முகம், 60 அடி என்று கேட்டால் வேறு முகம். சென்னையிலும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் என்று நான்கு ஏரிகளின் மட்டமும் பத்திரிகைகளில் வருகிறது. டாக்குரியா ஏரியில் ஓர் அளவுக்கல் நட்டு, அதன் மட்டத்தையும், கார்டன் ரீச்சில் அன்றைய நீரில் உள்ள உப்பின் அளவையும், குல்டியில் அன்றைய ஏற்றம் எத்தனை மணிக்கு என்பதையும் காலைச் செய்தியின் முடிவில் வாசிக்கலாம். மூன்று எண்கள், வாசிக்க அரை நிமிஷம் ஆகாது. லேக் மார்க்கெட்டில் காய்கறி வாங்கும் நம் தமிழ்ப் பெண்மணிகள் வாழைக்காய் விலையோடு அந்த எண்களையும் பேசத் தொடங்குவார்கள்.